பரலோக மந்திரத்தின் பின்பாதி

மாதலேன் பதினோரு வருஷமாகப் பரலோக மந்திரத்தின் பின்பாதியை வாயால் சொன்னதில்லை.

யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சைகோன் கோவிலின் பக்கப் பீடத்தில் தமிழ்ப் பெண்கள் இருபது பேர் கூடிச் செபமாலை சொல்லும்போது, முன்னால் முழந்தாளிட்டு நடத்துகிறவள் அவள்தான். நடத்துகிறவள் முன்பாதியைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பின்பாதியைச் சேர்ந்து சொல்ல வேண்டும். பிதாவின் நாமமும் ராச்சியமும் சித்தமும் அவள் பங்கு. அன்றாட அப்பமும், தீமை செய்தவர்களைப் பொறுப்பதும் கூட்டத்தின் பங்கு. பூசையிலோ எல்லாம் லத்தீன். அதைச் சாமியார் பார்த்துக்கொள்வார். வீட்டுச் செபத்திலும் அவளே முந்திக்கொண்டு ஆரம்பிப்பாள். தபால் பீரோவில் குமாஸ்தாவாக இருந்த புருஷன் கப்ரியேல் மிச்சத்தைச் சொல்லி முடிப்பான். "நம்ம வீட்டுல சாமிகிட்ட முதல்ல பேசுறது அவதான்" என்று சிநேகிதர்களிடம் பெருமையடித்துக்கொள்வான்.

மாதலேனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதிலும் கடவுளிடம். நான் பொறுப்பதுபோல என்னையும் பொறும் என்று கேட்டுவிட்டால், அவர் அதே படியால் அளந்து போட்டுவிடுவார் என்று பயந்தாள். வரியைத் தொடாமல் இருந்தால் வம்பில்லை.

அவள் பொறுக்காத அந்த ஒருத்தன் பேர் ஜூல்.

காரைக்காலில் அவளுடைய அக்காள் தெரேஸுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை அவன். மூன்று ஞாயிறும் கோவிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. கலியாணத்தன்று காலை எட்டு மணிக்குத் தெரேஸ் சம்பங்கி மாலையோடு கோவில் வாசலில் வந்து நின்றாள். மாப்பிள்ளை முந்தாநாளே புதுச்சேரியில் சைகோன் கப்பலேறிவிட்டான் என்ற செய்தி வந்து சேரும்போது மணி பதினொன்று. "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, கதவைச் சாத்தணும்" என்றார் உபதேசியார். மூன்று மணி நேரம் நின்றவளுக்குத் தள்ளி நிற்கக் கால் வரவில்லை. மாதலேன்தான் கையைப் பிடித்து நகர்த்தினாள்.

இருபத்தொரு நாள் கழித்துத் தெரேஸைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தானாகப் போனவளுக்கு மணி அடிக்க முடியாது, மந்திரித்த மண் கொடுக்க முடியாது என்று சொல்லி, கல்லறை மதிலுக்கு வெளியே எருக்கஞ்செடிகளுக்கு நடுவில் புதைத்தார்கள். கோவில் புத்தகத்தில் அவள் சாவை எழுதவில்லை. இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதற்கு எந்தக் காகிதமும் மிஞ்சவில்லை.

ஐந்து வருஷம் கழித்துப் புதுச்சேரிக்காரன் கப்ரியேலைக் கட்டிக்கொண்டு மாதலேன் சைகோன் வந்தாள். முதல் ஞாயிறே மூன்றாவது தூணோரம் ஜூல் நிற்பதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்; தலையைக் குனிந்துகொண்டான். ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் அப்படியே. ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ஜூல்தான் வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கப்ரியேலின் பின்னால் ஒண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கான் ஹொய் துறைமுகக் கிடங்கில் காவல் வேலை பார்ப்பவன். தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"உட்காருங்கண்ணே" என்றான் கப்ரியேல். அக்காள் காய்ச்சலில் செத்தாள் என்றுதான் மாதலேன் புருஷனிடம் சொல்லியிருந்தாள். "மாதலேன், முசே ஜூலுக்கு உன்னால ஒரு காரியம் ஆகணுமாம்."

"மதாம்" என்று ஆரம்பித்தான் ஜூல்.

"கொழுந்தியான்னு கூப்பிட்ட வாய்க்கு இப்ப மதாம்னு வருதா" என்றாள் மாதலேன். கப்ரியேல் சிரித்தான், ஊர்க்காரர்கள் கேலி பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தான்.

விஷயத்தை ஜூல் தரையைப் பார்த்தே சொன்னான். ஐரேன் என்று ஞானஸ்நானம் பெற்ற, இந்த ஊர் அன்னாமியப் பெண்ணோடு நாலு வருஷமாகக் குடித்தனம். அவள் இப்போது நிறைமாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அவளும் பிழைத்தது மறுபிழைப்பு. இந்தத் தடவையும் உறுதி சொல்ல முடியாது என்கிறாள் மருத்துவச்சி. பிரசவத்துக்கு முன்னால் தாலி ஏற வேண்டும். சர்க்கார் கலியாணம் முடிந்தால்தான் கோவிலில் கலியாணம். சர்க்கார் கலியாணத்துக்குப் பிறப்புச் சீட்டு வேண்டும். அவனுக்கு அது இல்லை. அவன் அப்பா குடித்துவிட்டுக் கிடந்தவர், பிள்ளை பிறந்ததைப் பதியவே இல்லை. சீட்டு இல்லாதவனுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. இவன் இன்னார் மகன், இன்ன ஊரில் பிறந்தவன் என்று தெரிந்தவர்கள் ஏழு பேர் நீதிபதி முன்னால் சொல்ல வேண்டும். ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி.

"துணிக்கடை ஹாஜா மைதீன் பாயோட ஆறு பேர் இருக்காங்க. என் அப்பன் ஆத்தாளைத் தெரிஞ்ச ஏழாவது ஆள் இந்தப் பட்டணத்துல நீங்க ஒருத்தர்தான். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு. அதை விட்டா நீதிபதி லீவுல பிரான்சுக்குப் போறார். அடுத்தவர் வர ரெண்டு மாசம்."

மாதலேன் அவனுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி கொட்டியிருந்தது.

"வர்றேன்" என்றாள்.

ஜூல் நிமிர்ந்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. அது அவளுக்குத் தித்தித்தது.

செவ்வாய்க்கிழமை கப்ரியேல் பீரோவுக்கு வேலைக்குப் போகும்போது, "வண்டி பிடிச்சு விடட்டுமா?" என்றான். "நானே போய்க்குவேன்" என்றாள். பெட்டி போட்ட பட்டுச் சேலையை நாற்காலியில் மடித்துப் போட்டாள். கதவைச் சாத்தித் தாழிட்டாள். கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து மொச்சை உரிக்க ஆரம்பித்தாள்.

எட்டு அடித்தது. இப்போது ஆறு பேரும் வந்திருப்பார்கள். ஹாஜா மைதீன் பாய் கடையைத் திறக்காமல் வந்திருப்பார், கொஞ்சம் சிடுசிடுப்பார். ஜூல் கறுப்புக் கோட்டு மாட்டியிருப்பான். எட்டரை. தெருமுனையைப் பார்ப்பான். வருகிற வண்டியெல்லாம் அவள் வண்டியாகத் தெரியும். தெரேஸுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் மாலையைச் சரிசெய்துகொண்டாள். ஒன்பது. இன்னேரம் வேர்வையில் காலர் நனைந்திருக்கும். யாராவது ஒருத்தர், "வராம இருக்கமாட்டா, செபமாலை நடத்துற பொம்பளை" என்று சொல்லியிருப்பார். சொல்லட்டும். பதினோரு மணிக்குக் கோர்ட்டைச் சாத்த ஆள் வருவான். தள்ளி நில்லுங்கள் என்பான். அந்தச் சொல்லை ஜூல் காதால் கேட்க வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதை அவனிடம்தான் கற்றுக்கொண்டாள்.

மொச்சை இனித்து மணத்தது. இத்தனை நிதானமாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை.

பத்து அடித்துச் சற்று நேரத்தில் வாசலில் குதிரை வண்டி நின்ற சத்தம் கேட்டது. கதவைத் தட்டினார்கள். ஜூல் காலில் விழ வந்திருக்கிறான் என்று எண்ணி, நறுக்கென்று நாலு வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு திறந்தாள்.

ஐரேன் நின்றாள். வெளிர்நீல நீள அங்கி, வயிற்றில் இழுத்துப் பிடித்திருந்தது. ஒரு கையில் தைலக் குப்பி, மறு கையில் துணி மூடிய சட்டி.

"அக்கா, காய்ச்சலா?" என்றாள். ஜூலிடம் கற்ற தமிழ். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தாள். "எல்லாரும் கோவம். நான் சொன்னேன், அக்கா சொன்னா வருவாங்க. வரலைன்னா உடம்பு சரியில்லை. கஞ்சி கொண்டுவந்தேன்."

மாதலேனுக்கு வைத்திருந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று. நாற்காலியில் கிடந்த பட்டுச் சேலையையும், தட்டில் குவிந்த மொச்சையையும் ஐரேன் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தாள். நிற்க முடியவில்லை அவளால்.

"அவர் அனுப்பிச்சாரா?"

"இல்லை. அவர் சொல்றார், வரமாட்டாங்க, விடு. எதுக்குன்னு சொல்லலை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அக்கா, ஒண்ணு கேக்கணும். கலியாணம் இல்லாம நான் செத்துட்டா, எங்கே வைப்பாங்க? உள்ளேயா, வெளியேயா?"

எருக்கஞ்செடியின் பால் வாசனை மாதலேன் மூக்கில் ஏறியது.

"பயமா இருக்கு. ஒரு பரலோக மந்திரம் சொல்லலாமா? சனிக்கிழமை தூணுக்குப் பின்னால உட்கார்ந்து கேட்டுக் கத்துக்கிட்டேன்." கண்ணை மூடி ஆரம்பித்தாள். மாதலேனின் குரல், மாதலேனின் ஏற்ற இறக்கம், மாதலேன் மூச்சு விடுகிற இடங்கள்கூட அப்படியே. பூலோகத்திலும் செய்யப்படுவதாக என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணைத் திறந்தாள்.

"ம், மேல சொல்லு."

"மேல தெரியாது. அதை எல்லாரும் சேர்ந்து சொல்றாங்க, காதுல விழலை. உங்க சத்தம்தான் தெளிவு. நீங்க அதை ஒரு நாளும் சொல்லலையே. மிச்சத்தை நீங்க சொல்லுங்க அக்கா."

மாதலேன் அப்பம் வரை சொன்னாள். அடுத்த வரியில் நாக்கு நின்றது. கடிகாரம் ஓடியது. ஐரேன் அவள் வாயையே பார்த்தபடி காத்திருந்தாள். வாசலில் காத்திருக்கிற பெண்ணின் முகத்தை மாதலேன் ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

அந்த வரியை அவள் சொல்லவில்லை. எழுந்து சேலையை எடுத்தாள்.

"கஞ்சியை மூடி வை. வண்டிக்காரன் நிக்கிறானா, போயிட்டானா?"

கோர்ட்டு வாசலை அடைந்தபோது பதினொன்றுக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. ஹாஜா மைதீன் பாய் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். "வாங்கம்மா வாங்க. நீங்க சாவகாசமா வந்தா போதும், கடையை எலி பாத்துக்கும்" என்றார். ஜூல் படியில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டு எழுந்தான்.

"எத்தனை மணியிலேர்ந்து நிக்கிறே?"

"எட்டு."

"தெரிஞ்சுக்க" என்று சொல்லிவிட்டு அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

ஆறு பேரும் காலையிலேயே சொல்லி முடித்திருந்தார்கள். மாதலேன் வலது கையை உயர்த்தி உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தாள். அவன் அப்பா பேர், அம்மா பேர், தெரு, பிறந்த வருஷம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். துபாசி பிரெஞ்சில் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினான். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிக் கேள்வியைக் கேட்டார். இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?

மற்ற ஆறு பேரும் ஊர்க்காரர் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"என் அக்காள் தெரேஸுக்கு நிச்சயிச்ச மாப்பிள்ளை. மூணு ஓலை வாசிச்சாங்க. கலியாணத்தன்னைக்குக் காலைல எட்டு மணியிலேர்ந்து பதினொரு மணி வரைக்கும் என் அக்காள் கோவில் வாசல்ல நின்னா. இவர் வரலை. அவ செத்துட்டா."

துபாசி தயங்கினார். "இதெல்லாம் எழுதணுமாம்மா?"

"எப்படித் தெரியும்னு கேட்டார். இப்படித்தான் தெரியும். அவ பேரோட எழுதச் சொல்லுங்க. இல்லேன்னா நான் கையெழுத்துப் போடலை."

துபாசி சொன்னார். நீதிபதி முதல்தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்; பிறகு குமாஸ்தாவுக்குத் தலையசைத்தார். பேனா கிறீச்சிட்டது. தெரேஸ் என்று எழுதுவதை மாதலேன் மேஜைமேல் குனிந்து, எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். காரைக்கால் கோவில் தர மறுத்த இடம் சைகோன் கோர்ட்டுக் காகிதத்தில் கிடைத்தது. இனி ஜூல் தன் கலியாணக் காகிதத்தை எடுக்கும்போதெல்லாம் இதுவும் கூடவே வரும். அவன் பிள்ளை ஒரு நாள் படிக்கும்.

பெஞ்சில் இருந்த ஐரேன் ஜூலின் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு புரிந்ததோ, அவன் பக்கத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள். அதையும் மாதலேன் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே படிக்கட்டில் ஜூல் வழிமறித்தான். "பயந்துட்டேன் மாதலேன். வேற காரணமே இல்லை. பொறுத்துக்க."

"அந்த வார்த்தையை இன்னும் நான் சாமிகிட்டயே சொல்லலை. உன்கிட்ட முந்திச் சொல்லுவேனா?" என்றாள். "வழியை விடு. வர்ற சனிக்கிழமை உன் பெண்டாட்டியை முன்வரிசைக்கு அனுப்பு. முன்பாதியை இனிமே அவ நடத்தட்டும்."

"அப்ப நீ?"

"நான் மத்த பொம்பளைங்களோட பின்னாடி உட்காருவேன். அங்கே என்ன சொல்றாங்கன்னு எனக்கும் கேக்கணும்."

சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு படியிறங்கினாள். வீட்டில் உரித்த மொச்சை அப்படியே கிடந்தது.