பொத்தான் பொட்டலத்தில் மூன்றாம் பக்கம்

1

இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. எதிர்க்கடை டெய்லர் நேரில் வந்து ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

"நான் சந்தோஷமா இருக்கேன்னு எழுதிக் குடு. ரெண்டு பக்கம் போதும். ஆனா உங்க அண்ணி படிச்சா நம்பணும்."

"எப்ப வேணும்ணா?"

"நாளைக்கு. உனக்கு எத்தனை சட்டை ராத்திரியோட ராத்திரியா தச்சுக் குடுத்திருக்கேன்?"

அண்ணி என்பது அவர் மனைவி. எங்களுக்குள் உறவெல்லாம் இல்லை. தெருவுக்கு இந்தப் பக்கம் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை, அந்தப் பக்கம் அவருடைய தையல் கடை. ஆறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தால் அண்ணன் தம்பி ஆகாமல் என்ன செய்வது? ஊரில் அவருக்கு அரை இஞ்ச் என்று பெயர். சட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், "உள்ள அரை இஞ்ச் விட்டிருக்கேன், பிரிச்சுக்கலாம்" என்பார்.

நல்லபடியாக இருந்த மனிதர், தான் நல்லபடியாக இருப்பதற்குச் சான்றிதழ் கேட்கும் நிலைக்கு வந்தது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். கேட்காவிட்டால் எனக்கு நிம்மதி.

2

சரி, சொல்லிவிடுகிறேன்.

நான் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படிப்பவன். ஆதார் ஒரு காப்பி, ரேஷன் கார்டு இரண்டு காப்பி... (இல்லை, இந்த வாக்கியம் கடை ரசீது மாதிரி இருக்கிறது, அடித்துவிட்டேன்.) ஒரு காப்பிக்கும் அடுத்த காப்பிக்கும் நடுவில் அரைப் பக்கம் படிப்பேன். அந்த நாவல்களில் எல்லாரும் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார்கள். பார்த்தவுடன் வாழ்க்கை வெறுத்துப்போகிறது. எனக்கும் அப்படி ஒருவர் தேவைப்பட்டார். எதிரே ஒருவர் இருந்தார். எழுதினேன். அதன் மூன்றாம் பக்கம்:

'அரை இஞ்ச் ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தோள்களைக் குலுக்கிக்கொண்டான். இந்த ஊர் அவனைச் சிறுகச் சிறுக மென்றுகொண்டிருந்தது. மாலையில் வீடு நெருங்க நெருங்க இன்னும் மெதுவாக நடந்தான்.'

அவர் கடையில் ஜன்னலே கிடையாது.*

* தோள் குலுக்கலும் கிடையாது. அளவெடுக்கும்போது யாராவது அசைந்தாலே, "ஆடாத, சட்டை அப்புறம் ஆடும்" என்பார்.

அந்தப் பக்கத்தில் மை திட்டுத்திட்டாக விழுந்ததால் கழிவுத்தாளோடு போட்டேன். எங்கள் கழிவுத்தாள் எதிர்க்கடைக்குத்தான் போகும். அவர் அதில் பொத்தானைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு அனுப்புவார். பொத்தான் தைப்பது அண்ணியின் வேலை. அன்றைக்கு எட்டு வெள்ளைப் பொத்தான்களைக் கொட்டிவிட்டுத் தாளைப் பிரித்துப் படித்திருக்கிறார். எனக்கு வாய்த்த முதல் வாசகர் அவர்.

"உங்கள மென்னு துப்புற ஊரா இதுன்னு கேக்குறாடா" என்றார் அண்ணன். "ரெண்டு நாளா நான் எதச் சொன்னாலும் 'சரிங்க'ன்றா. அவ 'சரிங்க' சொல்ற ஆளா?"

3

ஆக, ஆர்டரை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'அரை இஞ்ச் மிகவும் சந்தோஷமாக வாழ்ந்தார்.' (படித்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டதுபோல் இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: 'கண் விழித்ததும் அவர் உதட்டில் ஒரு புன்னகை' (பற்பசை விளம்பரம்.)

மூன்றாம் தொடக்கம்: 'பனி பொழிந்துகொண்டிருந்த ஒரு' (இங்கே எந்தக் காலத்தில் பனி பொழிந்தது? கைப்பழக்கம்.)

நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்கே போய் உட்கார்ந்தேன். அவர் இரண்டு முறை ஊசியில் நூலைத் தவறவிட்டார். ஒரு சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தார்.

"நீ பாத்துட்டே இருந்தா எப்படி சந்தோஷமா இருக்கிறதுன்னே மறந்துபோகுதுடா."

"இயல்பா இருங்கண்ணா."

"இயல்பா இருந்தா என் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

ஆறு மணிக்கு எலக்ட்ரீஷியனும் தபால்காரரும் வந்தார்கள். தினமும் வருவார்கள். துணி வெட்டும் மேஜையில் ஏறிக் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் இடுப்பளவைச் சொல்வது எங்கள் விளையாட்டு. இதை விளையாட்டு என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"முப்பத்தாறு" என்றார் தபால்காரர், ஒரு வாத்தியாரைப் பார்த்து.

"முப்பத்தெட்டு. மூச்ச இழுத்துட்டுப் போறார்" என்றார் அண்ணன்.

அளவு நோட்டைப் புரட்டினால் முப்பத்தெட்டேதான். எலக்ட்ரீஷியன், "கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த அளவா இருக்கும், செல்லாது" என்று சண்டைக்குப் போனார். அண்ணன் சிரித்தார். அவர் சிரித்தால் சத்தம் வராது, வயிறு மட்டும் குலுங்கும், கழுத்தில் தொங்கும் டேப் சேர்ந்து ஆடும். அதை அப்படியே எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. உலக இலக்கியத்தில் இல்லாத டேப் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

மறுநாள் மத்தியானம் அண்ணி எங்கள் கடைக்கே வந்துவிட்டார். மெஷின் பக்கத்தில் நின்று இரண்டு பக்கத்தையும் படித்தார். வயிறு குலுங்கும் இடத்தில் அவருக்கும் சிரிப்பு வந்தது. நான் பெருமையை மறைக்கத் தாள் அடுக்கினேன்.

"நல்லா இருக்கு தம்பி. நம்புறேன்."

"அப்பாடா."

"ஆனா இது கடையில. கூட நீங்கல்லாம் இருக்கீங்க. வீட்டுக்கு வர்ற மனுஷன் எங்க?"

"அது நான் பாத்ததில்லையே அண்ணி."

"பாக்காமத்தானே மெதுவா நடந்தான்னு எழுதினீங்க?"

"அது சும்மா, கற்பனை."

"கற்பனைன்னா பொய்யா இருக்கணும்ல?" தாளை மேஜையில் வைத்து ஓரம் ஒத்துப்போகும்படி நேராக்கினார். "ஏழு மணிக்குக் கடை சாத்துறார். அஞ்சு நிமிஷ வழி. ஏழரைக்குத்தான் வர்றார். பத்து வருஷமா நான் அத ஒரு விஷயமாவே நினைக்கல. இப்ப தினமும் வாசல்ல நின்னு எண்ணிட்டிருக்கேன். வீட்டுக்கு வரப் பிடிக்காமதான் மெதுவா வர்றாரா?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எழுத்தாளன் ஆயிற்றே, மூன்று பதில் வைத்திருந்தேன்.

அ. தலையில் ஒட்டிய துணித்தூசி வீட்டுக்கு வரக்கூடாது என்று அவர் ஒரு தெரு சுற்றி வருகிறார். (இனிப்பு கூடிவிட்டது.)

ஆ. பாலத்தில் தனியாக நின்று, போகாத ஊர்களை நினைத்துக்கொள்கிறார். (நாவல்களின் வேலை. நான் திருந்தவே மாட்டேன்.)

இ. நாள் முழுக்க மெஷின் மிதித்த முழங்கால், வேகமாக நடக்க வரவில்லை. (நம்பலாம். ஆனால் ஒருத்தி வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கும்போது இதை எப்படி நீட்டுவது?)

"என்கிட்ட மூணு பதில் இருக்கு, எது வேணும் அண்ணி?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். தப்பாகத் தைத்த பொத்தானை அப்படித்தான் பார்ப்பாராக இருக்கும்.

"நான் கேக்கவேண்டிய ஆள் நீங்க இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

5

இதை எழுதும்போது மணி மூன்று பத்து. எதிரே தையல் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அண்ணி உள்ளே போய் ஐந்து நிமிடம் இருக்கும்.

இப்போது ஷட்டர் இறங்குகிறது. பட்டப்பகலில், வேலை நாளில். பாதியில் நின்றுவிட்டது.

கீழே நான்கு பாதங்கள் தெரிகின்றன. இரண்டு வெறும் பாதம், இரண்டு செருப்புப் போட்டது. எதிரெதிராக நிற்கின்றன. அண்ணியின் செருப்பு ஒரு அடி முன்னால் வந்தது. கோபத்திலும் ஒரு அடி முன்னால் வைப்பார்கள், வேறு எதற்காகவும் வைப்பார்கள். அண்ணன் பாதம் பின்வாங்கவில்லை. அது நல்லதா? பின்னால் மெஷின் இருப்பதால் இடமில்லையா?

துணிப்பையோடு வந்த ஒருவர் ஷட்டரைப் பார்த்து, கையில் இருந்த ரசீதைப் பார்த்து, என் பக்கம் வந்தார்.

"டெய்லர் இருக்காரா?"

"இருக்கார்."

"உள்ள யாரு?"

"அவங்க வீட்டுல."

"என்ன பண்றாங்க?"

எனக்குள் ஒரு வாக்கியம் கிளம்பிவிட்டது. அழகான வாக்கியம், ஒரு ஜன்னல்கூட இருந்தது. பேனாவை மூடினேன். அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அவர் என்னைவிடப் பொறுமைசாலி. குனிந்து பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கும் ஒரு ஸ்டூல் இருக்கிறது, வந்து உட்காருங்கள். ஷட்டர் ஏறும்போது அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் நீங்களே பாருங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள், எழுதிவிடுவேன்.