அக்காவின் பல்வலியும் கால் சதவீதமும்

1

ஒரு திங்கட்கிழமை காலை, ரொட்டி வாங்கப் போன இடத்தில், நான் நாட்டின் வட்டி விகிதத்தை ஏற்றிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. மீதிச் சில்லறைக்காக நின்ற நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்தக் கதை அங்கிருந்து வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், என் அக்காவின் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து.

பத்திரிகை ஆசிரியர் கேட்டது வேறு. மத்திய வங்கி ஒரு நாட்டின் பொருளாதாரத்தை எப்படி ஆட்டிவைக்கிறது என்று ஒரு கதை வேண்டும்; ‘உங்களுக்கே புரிகிற மாதிரி’ எழுதுங்கள் என்றார். உட்கார்ந்தேன்.

மத்திய வங்கி என்பது ஒரு நாட்டின் பணப்புழக்கத்தை

(இந்த இடத்தில் எனக்கே கொட்டாவி வந்தது.)

ஆறு பேர் கொண்ட குழு, நீண்ட மேசையைச் சுற்றி, கனத்த மௌனத்துடன்

(அந்த மேசையை நான் பார்த்ததில்லை. நீளமா வட்டமா என்றே தெரியாது. இதுவும் போகட்டும்.)

பல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

2

அக்காவுக்கு மத்திய வங்கியில் பதினேழு வருட வேலை. பெரிய நாற்காலி இல்லை. கடைக்காரர்களுக்கு போன் போட்டு, ‘அடுத்த மூன்று மாதத்தில் விலையை ஏற்றுவீர்களா?’ என்று கேட்டு எழுதிக்கொள்வாள். வட்டியைத் தீர்மானிக்கும் அந்த ஆறு பேரை லிஃப்டில்தான் பார்த்திருக்கிறாள்.

வட்டி முடிவு வெளியாவதற்கு முந்தைய ஏழு நாளும் அவர்களுக்கு மௌன வாரம். அங்கே வேலை செய்கிற யாரும் வெளியே வட்டியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. அக்கா அதை வருடம் முழுக்கக் கடைப்பிடிப்பவள். குடை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டால், ‘ரெண்டு பக்கமும் வாய்ப்பு இருக்கு’ என்பாள்.

ஞாயிறுதோறும் மதியம் என் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். அந்த ஞாயிறும் வந்தாள். இரண்டு கவளம் எடுத்தாள், தட்டைத் தள்ளினாள், கன்னத்தில் கை வைத்து ஜன்னலையே பார்த்தாள். என்னக்கா என்றால் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒழுங்கான தம்பி உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்பான். நான், மௌன வாரம் வேறா, சரி, வட்டி ஏறப்போகிறது என்று முடிவுகட்டினேன்.*

* அவள் பல்வலியைச் சொல்லாததற்கும் காரணம் உண்டு. சொன்னால் நான் பல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போய், அங்கே உட்கார்ந்தும் பேசுவேன் என்று பயந்தாளாம்.

3

பேக்கரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வரைவில் அவரைக் கணவனை இழந்தவராக்கி, மூன்று குழந்தைகளும் ஒழுகும் கூரையும் கொடுத்திருந்தேன். நீங்கள் அழுவீர்கள் என்ற நப்பாசை. திரும்பப் படித்தபோது வெட்கமாகிவிட்டது. அவர் கூரை ஒழுகவில்லை. ஒழுகினால் என் தலையில்தான் ஒழுகும். கடைக்கு மேல் நான் குடியிருக்கும் மாடியும் அவருடையதுதான்.

அவர் கடன் வாங்கி ஒரு பெரிய அடுப்பு போடவிருந்தார். நான் கண்ணாடிப் பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டு, பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன்:

“அடுப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கம்மா. வட்டி ஏறப்போகுது. எங்க அக்கா முகத்துலயே தெரியுது.”

அவ்வளவுதான் சொன்னேன். இனி ஆசிரியர் கேட்டது தானாக நடக்கிறது, பாருங்கள். அடுப்பு தள்ளிப்போனது. அதற்கு ஒயரிங் செய்யவிருந்த எலெக்ட்ரீஷியனுக்கு நாலு நாள் வேலை போனது. அவர் பைக் கடைக்குப் போய், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். பைக் கடைக்காரர் கடைக்கு வெள்ளையடிப்பதை நிறுத்தினார். மூன்றே நாளில் எங்கள் தெரு சளி பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

மத்திய வங்கி செய்வதும் இதைத்தான், என்னைவிட நிதானமாக. ரொட்டி விலையில் அது கை வைக்க முடியாது. மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் பணத்தின் வட்டியை மட்டும், பெரும்பாலும் கால் சதவீதமாக, ஏற்றி இறக்கும். எல்லாரும் வாங்கு வாங்கென்று வாங்கி விலைவாசி ஏறினால், வட்டியைக் கூட்டும், பேக்கரியம்மா யோசிப்பார். கடைத்தெரு ஈயோட்டினால், குறைக்கும், பேக்கரியம்மா துணிவார். கால் சதவீதம் தெருமுனைக்கு வந்து சேர மாதக்கணக்காகுமாம். ஆனால் அது வரப்போகிறது என்ற நம்பிக்கைக்கு நடை தேவையில்லை, பறந்தே வந்துவிடும். வங்கி பாதி வேலையை வட்டியாலும் பாதி வேலையைப் பேச்சாலும் செய்கிறது. அதனால்தான் மௌன வாரம்.

இது எனக்கு வியாழக்கிழமை புரிந்தது.

4

புதன்கிழமை பேக்கரியம்மா, கடன் வேண்டாம் என்று சொல்லத் தன் வங்கிக்குப் போயிருக்கிறார். ஏன் என்று மேலாளர் கேட்டார். பேக்கரியம்மா பொய் சொல்லத் தெரியாதவர். மத்திய வங்கி அதிகாரியின் தம்பி எங்கள் மாடியில்தான் இருக்கிறார், அவரே சொன்னார் என்றார். மேலாளர் போனை எடுத்தார்.

வியாழன் மதியம் அக்காவிடமிருந்து போன். மௌன வாரத்தில் வட்டி ரகசியத்தை வெளியே சொன்னீர்களா என்று அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளி காலை பத்து மணிக்கு முடிவு வெளியாகும். வட்டி ஏறவில்லை என்றால், நான் ஒரு ஓட்டைவாய். அது எங்கள் குடும்பத்துக்குப் புதிய செய்தி இல்லை. ஏறிவிட்டால், நான் உளறியது கசிந்த ரகசியமாகிவிடும். பதினேழு வருடம் போச்சு.

வேலை போய்விடுமா என்று கேட்டேன். “நிலைமையைப் பொறுத்தது.”

என்மேல் கோபமா என்று கேட்டேன். “இப்போதைக்கு எந்த முடிவும் எடுக்கல.”

ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று கேட்டேன். “வர்ற தகவலைப் பார்த்துத்தான் சொல்லணும்.”

வைத்துவிட்டாள்.

5

முதல் முடிவு:

குழு வட்டியைக் கால் சதவீதம் உயர்த்தியது. அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து, தன் கண்ணாடிக் கூட்டையும், பாதி தீர்ந்த தைலப் புட்டியையும் எடுத்து

(முடியவில்லை. கை ஓடவில்லை. துன்பியல் வேண்டுபவர்கள் வேறு கடை பாருங்கள்.)

நடந்தது இது. பத்து மணிக்கு நான் பேக்கரியில் நின்றேன். பேக்கரியம்மா போனைக் கண்ணுக்கருகே வைத்துப் படித்தார். படித்தார், படித்தார், ஒரு பக்கத்தை இவ்வளவு நேரம் படித்தவரை நான் கண்டதில்லை. பிறகு, “மாத்தம் எதுவும் இல்லையாம்” என்றார்.

நான் மைதா மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது பின்பக்கம் வெள்ளை. அப்படியே தெருவெல்லாம் நடந்தேன். தட்டிவிடத் தோன்றவில்லை.

“இனிமே உங்க அக்கா முகத்தை நானே நேர்ல பார்த்துக்கறேன் தம்பி” என்றார் பேக்கரியம்மா. அன்றே அடுப்புக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் ஒயரிங் செய்ய வந்த எலெக்ட்ரீஷியன், கரண்டில் வேலை நடக்கிறது, அந்த ஆளைப் பேசாமல் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அக்கா தன் விளக்கத்தோடு பல் மருத்துவரின் சீட்டையும் இணைத்திருந்தாள். திங்கட்கிழமையே தனியாகப் போய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறாள். மேலதிகாரி படித்துச் சிரித்து, கோப்பை மூடிவிட்டாராம். வட்டி ஏறியிருந்தால் அந்தச் சீட்டை யார் நம்பியிருப்பார்கள்? அதே சீட்டு, அதே பல். நடுவில் கால் சதவீதம்.

6

இன்று சனிக்கிழமை. நாளை அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. ஆகவே முடிவை உங்களிடமே விடலாம் என்றிருந்தேன். மனம் இளகியவர்கள் அவளை மாடிப்படி ஏற்றிவிடுங்கள். மற்றவர்கள் ஒரு தட்டைக் காலியாக வைத்து

(போன் அடிக்கிறது. அக்காதான்.)

கதையை ஆசிரியருக்கு அனுப்புவதற்கு முன் தன்னிடம் காட்ட வேண்டும் என்பது அவள் நிபந்தனை. அதனால் மதியமே அடைப்புக்குறிகளோடு அனுப்பியிருந்தேன். படித்துவிட்டாள். இரண்டு திருத்தம். அந்த மேசையை அவளும் பார்த்ததில்லை. அதைக் கட்டாயம் எழுத வேண்டுமாம். இரண்டாவது, பல் இடது இல்லை, வலது.

எழுதிக்கொண்டேன். பிறகு கேட்டேன், நாளைக்கு வருவியாக்கா என்று.

தகவலைப் பார்க்கணும் என்பாள், நிலைமை என்பாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன்.

“வர்றேன்டா. ஒரு மணிக்கு. மெல்லாம முழுங்குற மாதிரி ஏதாவது செஞ்சு வை.”