வலது பின்கதவு

வெளிநாட்டில் வாடகைக்குக் கார் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை என்று அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். மொத்தம் பத்தொன்பது விஷயங்கள். சொந்த ஊரில் நுகர்வோர் சங்கத்துக்குச் செயலாளர். ஃப்ரிட்ஜ் கடை, பஸ் முதலாளி, பல் டாக்டர் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. மச்சான் அவருக்கு வைத்த பெயர் புகார்ப்புலி. முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான், ஆனால் காதில் விழுந்தபோது புலிக்கு உள்ளூரச் சந்தோஷம். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

காலை பதினோரு மணிக்குப் புலியும் மனைவியும் ஏழு வயது மகளும் ஒரு வாடகைக் கார் நிலையத்தின் முற்றத்தில் நின்றிருந்தார்கள். சின்ன இடம்தான். தகரக் கூரைக்குக் கீழே கண்ணாடி வைத்த ஒரு அறை, அறையில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மாள். சாம்பல் நிறக் கார் வெளியே நின்றது. புலி அதைச் சுற்றிச் சுற்றி வந்து செல்போனில் படம் எடுத்தார். டயர், விளக்கு, கூரை, டிக்கி, பெட்ரோல் முள், ஒன்று பாக்கியில்லை. தரையில் துண்டை விரித்துப் படுத்து வண்டியின் அடிவயிற்றைக்கூட எடுத்தார். மனைவி யாரோ எவரோ என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தது படிவம். மேலிருந்து பார்த்தால் கார் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு கோட்டுப்படம். ஏற்கெனவே இருக்கும் சேதங்களுக்குப் பெருக்கல் குறி, கீழே வரிவரியாக விவரம். எல்லாம் அந்த நாட்டு எழுத்து. புரியாத பாஷையில் கையெழுத்துப் போடாதே என்பது பட்டியலில் நான்காவது. எனவே செல்போனை ஒவ்வொரு வரிமேலும் காட்டி மொழிபெயர்த்துப் படித்தார். முன் பம்பருக்கு அடியில் மூன்று கீறல், 0. இடது சக்கர மூடியில் வெடிப்பு, 0. முன் கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, 0. கடைசிக் கட்டத்தின் தலைப்பை மட்டும் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். அது செல்போனுக்குப் பிடிபடவில்லை. எண்ணிக்கையாக இருக்கும் என்று புலியே முடிவு கட்டினார். மூன்று கீறலுக்குப் பூஜ்யம் போட்டவர்களை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

கடைசி வரி இப்படி இருந்தது: வலது பின்கதவு உள்நோக்கி நசுங்கியது, கண்ணாடி உடைந்தது, 1.

வெளியே போய்ப் பார்த்தார். அந்தக் கதவில் ஒரு நகக்கீறல்கூட இல்லை. வண்டி முழுக்கத் தூசி படிந்திருந்தது, அந்தக் கதவு மட்டும் துடைத்துவைத்த தட்டு மாதிரிப் பளிச்சென்று இருந்தது.

"இந்தக் கதவுல ஒண்ணுமே இல்லையே?" என்று திரும்பி வந்து கேட்டார். அந்த அம்மாளும் அவரும் பேசிக்கொண்டது தட்டுத் தடுமாறிய ஆங்கிலம். நமக்கு எதற்கு அந்த அவஸ்தை, நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"அது பழசு சார். கதவ மாத்தியாச்சு."

"மாத்தியாச்சுன்னா அந்த வரிய எடுத்துடணும். இல்லாத சேதத்த எழுதக்கூடாது."

"ஏங்க, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் மனைவி. "நமக்குச் சாதகமாத்தானே இருக்கு?"

"சாதகமா பாதகமாங்கிற பேச்சே இல்ல. பேப்பர்ல இருக்கறது வண்டியில இருக்கணும். வண்டியில இருக்கறது பேப்பர்ல இருக்கணும்."

அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷத்துல யாரும் எடுக்கச் சொன்னதில்ல சார். நடந்து முடிஞ்சதுன்னு எழுதி வச்சிருக்கோம். அடிச்சுட்டா இன்னும் நடக்கலன்னு ஆயிடும்."

"நடக்கலன்னா நல்லதுதானே?"

அம்மாள் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். மகள் மஞ்சள் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காரைச் சுற்றி நொண்டியடித்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தை எந்தப் பக்கம் உட்காரும்?"

புலி உஷாரானார். கடைசி நேரத்தில் குழந்தை இருக்கையையும் கூடுதல் இன்சூரன்ஸையும் தலையில் கட்டுவார்கள் என்பது பட்டியலில் ஏழாவது. "சீட் நாங்களே கொண்டு வந்திருக்கோம்," என்று வெட்டினாற்போல் சொல்லிவிட்டு, பேனாவை வாங்கிக் கடைசி வரியைத் தானே குறுக்கே அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அம்மாள் நகலைக் கிழித்து, புலியின் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். புலி அதைத் தன் வெற்றியின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஊரைத் தாண்டி முக்கால் மணி நேரம் ஓட்டியிருப்பார்கள். நல்ல வெயில். புலி பல் டாக்டர் கதையை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இந்தக் கதவு குளிருது," என்றாள் பின்னால் வலது பக்கம் உட்கார்ந்திருந்த மகள்.

"ஏசி காத்து படுதா கண்ணு?"

"இல்லப்பா. கண்ணாடி இல்லாத மாதிரி காத்து வருது."

மனைவி திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி மேலேற்றித்தான் இருந்தது. ரப்பர் பட்டையில் இடைவெளி இருக்கும், நல்லதாக ஒரு புகார் கிடைத்தது என்று புலி அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தினார். ஆதாரம் வேண்டுமே. இறங்கிச் செல்போனை எடுத்து, காலையில் எடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். பம்பர், சக்கரம், டிக்கி. பதினான்காவது படத்தில் கை நின்றது.

படத்தில் வலது பின்கதவு உள்ளே குழிந்து கிடந்தது. கண்ணாடி இல்லை. இருக்கையெல்லாம் கண்ணாடித் தூள். இருக்கைக்குக் கீழே மஞ்சளாக ஏதோ கிடந்தது. விரலால் பெரிதாக்கினார். தண்ணீர் பாட்டில்.

நிமிர்ந்து காரைப் பார்த்தார். கதவு பளபளவென்று இருந்தது. மகள் கண்ணாடியில் வாயால் ஊதி, ஆவிமேல் பூனை வரைந்துகொண்டிருந்தாள். புலி கதவுக்கு நேராகச் செல்போனைப் பிடித்து இன்னொரு படம் எடுத்தார். அந்தப் படத்திலும் கதவு நசுங்கியிருந்தது. பூனை வரைந்த இடத்தில் வெறும் ஓட்டை. மகள் இருந்த இடத்தில் யாரும் இல்லை.

புலி மனைவியிடம் செல்போனை நீட்டினார். அவள் நம்பர் பிளேட்டைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், மகளை வாரி எடுத்துக்கொண்டு டயருக்குக் காற்றடிக்கும் இடத்தைத் தாண்டி ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

நகலில் இருந்த எண்ணுக்குப் புலி போன் போட்டார்.

"பாத்துட்டீங்களா சார்?" என்றார் மேஜைக்கார அம்மாள், இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"உங்க வண்டி வேண்டாம். இங்கயே விட்டுட்டு டாக்ஸியில போயிடறோம்."

"தாராளமா போங்க. ஆனா அது வண்டியோட போச்சுன்னு நினைக்காதீங்க. நடக்கலன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. எந்த வண்டியில ஏறினாலும் அந்தக் கையெழுத்து கூடவே வரும்."

"அப்போ அந்த வரிய மறுபடி எழுதிடுங்க," என்றார் புலி. வாழ்நாளில் அவர் யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. "நான் தெரியாம அடிச்சுட்டேம்மா."

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "எழுத எனக்கு ஆசைதான் சார். இல்லாத சேதத்த எழுதக்கூடாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே. இருந்தாத்தான் எழுத முடியும்." குரலில் குத்தல் இல்லை. எப்படியாவது இந்த மனுஷனுக்குப் புரிய வேண்டுமே என்ற தவிப்புதான் இருந்தது. "இருந்தா, சார். இப்பவே எழுதறேன்."

புலிக்குப் புரிந்தது.

தான் செய்யாத சேதத்துக்கு அவர் ஒருநாளும் பொறுப்பேற்றதில்லை. அடுத்தவர் பொருளில் ஒரு கீறல் போட்டதும் இல்லை. போய் டிக்கியைத் திறந்தார். ஜாக்கிக்குப் பக்கத்தில் சக்கரம் கழற்றும் ஸ்பேனர் இருந்தது. பெஞ்சைப் பார்த்து, "அவள கண்ண மூடிக்கச் சொல்லு," என்றார்.

முதல் அடியில் கை வலித்ததுதான் மிச்சம். இரண்டாவதில் பெயின்ட் தெறித்தது. அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை. பயத்தில் அடித்தார். காலையில் சிரித்ததற்கும் சேர்த்து அடித்தார். பங்க் ஊழியர் குழாயைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடி நொறுங்கி உள்ளே கொட்டியது. நடுவில் நிறுத்தி, செல்போன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கைப்பிடிக்குக் கீழே பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தது. அங்கே இன்னும் நான்கு அடி கொடுத்தார்.

படம் எடுத்தார். இந்தத் தடவை படமும் கதவும் அச்சாக ஒன்றாக இருந்தன. இருக்கைக்குக் கீழே மஞ்சள் எதுவும் இல்லை. பாட்டில் பெஞ்சில் இருந்த மகள் கழுத்தில்தான் தொங்கியது.

படத்தை அனுப்பிவிட்டு மறுபடி போன் செய்தார். உடைத்தது நான்தான், முழுப் பொறுப்பும் என்னுடையது என்று கேட்கும் முன்பே சொன்னார். அம்மாள் நிதானமாக எழுதிக்கொண்டே வாசித்தார்.

"வலது பின்கதவு உள்நோக்கி நசுங்கியது. கண்ணாடி உடைந்தது. சரியா சார்?"

"சரி."

"கடைசிக் கட்டத்துல என்ன போடட்டும்?"

"அது என்னம்மா கட்டம்?"

"அந்த நேரத்துல வண்டிக்குள்ள எத்தனை பேர் இருந்தாங்கன்னு சார்."

புலி கையிலிருந்த நகலைப் பார்த்தார். பம்பருக்குப் பூஜ்யம். சக்கர மூடிக்குப் பூஜ்யம். அவர் குறுக்கே இழுத்த கோட்டுக்கு அடியில் அந்த 1 தெளிவாகத் தெரிந்தது.

பெஞ்சில் மகள் இன்னும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். இப்போ திறக்கலாமா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார்? எத்தனை பேர்?"

புலி உடைந்த கண்ணாடி வழியாகக் காருக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"யாரும் இல்லம்மா. ஒருத்தரும் இல்ல."