மண் காயட்டும்

சகாயமேரி தண்ணீர்ச் செம்பைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். ஷாலினி, பலகையில் கிடத்தியிருந்த அம்மாவின் வலது கையை மடிமேல் வைத்துக்கொண்டு, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் நகத்துக்குள் இருந்த மண்ணை நோண்டி எடுத்தாள். கட்டைவிரலில் கொஞ்சம் வந்தது. ஆட்காட்டி விரலில் நிறையவே இருந்தது. சிவப்பு மண்.

உப்பளத் தெருவில் சிவப்பு மண் கிடையாது. இங்கே எதைத் தோண்டினாலும் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று உப்புச் சேறுதான் வரும். ஊரில் செம்மண் இருக்கிற இடம் ஒன்றே ஒன்று, கபடி மைதானம். பெருமுக்கல் பக்கமிருந்து லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய மண். அந்த மைதானத்தில் காலே வைக்கக்கூடாது என்றுதான் போன வருடம் அம்மாவைத் துரத்தியிருந்தார்கள்.

“சீக்கிரம் கழுவிடு,” என்றாள் சகாயமேரி, குரலை இறக்கி. அவளும் பார்த்துவிட்டாள். அம்மாவோடு ஒரே பாத்தியில் உப்பு வாரினவள். “உங்க அத்தைங்க மஞ்சள் பூச வராளுங்க. பார்த்தா ஊரெல்லாம் டமாரம் அடிச்சிடுவாளுங்க.”

ஷாலினி கழுவினாள். சிவப்புத் தண்ணீர் பலகையிலிருந்து வழிந்து, வாசல் மண்ணில் இறங்கிக் காணாமல் போனது.

முந்தைய நாள் காலை அம்மா வைஜெயந்தி எங்கிருந்தோ வேகமாக வந்தாள். குடத்திலிருந்து மொண்டு தண்ணீர் குடித்தாள். “மாரு அடைக்குதுடி” என்று சுவரோரம் உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. எங்கே போய்விட்டு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

ஷாலினிக்கு ஆரோவில்லில் விருந்தினர் விடுதி ஒன்றில் துணி துவைக்கிற வேலை. அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன மெஷினை அவள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நீளக் கம்பு, அடியில் வட்டத் தட்டு. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும்.

“இன்னாடி இது, மாப் போடுற கட்டைக்கு கரன்ட் குடுத்திருக்கானுங்களா?” என்று சிரித்த அம்மாதான், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். சோடா மூடி, பிளேடு, துருப்பிடித்த ஆணி, டாஸ் போட்டுத் தொலைத்த காசு. அப்புறம் ஒரு தாயத்து. அது அறுந்து விழுந்ததிலிருந்துதான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன் என்று புலம்பிக்கொண்டிருந்தவனுக்கு அது திரும்பக் கிடைத்ததும் அம்மாவுக்குப் பெரிய பேராகிவிட்டது. கபடியில் ஆளை ஆள் பிடித்து இழுக்கிற இழுப்பில் மோதிரம் பறக்கும், காப்பு கழலும். பையன்கள் நேரே அம்மாவிடம்தான் வருவார்கள். அடையாளம் சரியாகச் சொன்னால் கிடைக்கும், கூடவே திட்டும் கிடைக்கும். “கபடிக்கு வரசொல்லோ மோதிரம் எதுக்குடா? பொண்ணு பாக்கவா வர்ற?” யாரும் கேட்டு வராததெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும்.

போன கார்த்திகையில், விழாக்குழுத் தலைவர் தட்சணாமூர்த்தியின் மகன் சித்தார்த்தனுடைய தங்கச் செயின் ஆட்டத்தின்போது காணாமல் போனது. விடாத மழை. அம்மாவைக் கூப்பிட்டார்கள். மெஷினை எங்கே வைத்தாலும் கத்தியது. மேலே செம்மண் போட்டிருந்தாலும் அடியில் இருப்பது பழைய உப்பு நிலம்தான். ஈரம் பட்டால் அந்த நிலம் முழுக்கவே மெஷினுக்கு உலோகம்போலத் தெரியும். அம்மா சுவிட்சை அணைத்தாள்.

“மண்ணு காயட்டும். இப்ப இது பொய் சொல்லும்.”

அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நாம் போனபிறகு தனியாக வந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றார்கள். பிறகு, எடுத்தேவிட்டாள் என்றார்கள். டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னார்கள்.

“நம்பிக் கேளு, கொட்டிக் காட்டறேன். திருடின்னு நெனச்சுக்கிட்டுக் கேட்டா, மூடியக்கூடத் தொட விடமாட்டேன்,” என்றாள் அம்மா.

காட்டிவிட்டால்தான் என்ன என்று ஷாலினிகூட அன்றைக்குச் சத்தம் போட்டாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

இப்போது பங்குனி. மண் காய்ந்து கிடந்தது.

கூறைப்புடவை எடுக்க ஷாலினி பீரோவைத் திறந்தபோது அடித்தட்டில் டப்பா இருந்தது. கை தானாகப் போனது. தூக்கினாள். உள்ளே ஏதேதோ உருண்டன. மூடியில் விரல் பட்டது. நேற்று அம்மா மைதானத்தில் எதைத் தோண்டினாள்? கிடைத்ததா? வெளியே மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். ஷாலினி நிற்கவில்லை.

“ஏய், பொம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாது,” என்று பெரிய அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ நில்லு அத்த. நான் வரவேணாம்னு எங்கம்மாவா சொல்லுது?”

சுடுகாட்டுக்குப் போகிற பழைய வழி மைதானத்துக்குக் குறுக்கே போகிறது. பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாட்டைத் திருப்பி வைத்துத் தூக்குவது வழக்கம். அந்த இறக்குகிற இடம், இப்போது கபடிக் கோடு போட்டிருக்கிற இடம்தான். பந்தலும் ஸ்பீக்கரும் நாற்காலியும் தயாராக இருந்தன. சாயங்காலம் மேட்ச். சுண்ணாம்புக் கோடுகள் புதிதாகப் பளிச்சென்று இருந்தன. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள்.

தட்சணாமூர்த்தி தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார்.

“அரசப்பா, தப்பா நெனக்காத. வெளியூர் டீமெல்லாம் வந்திருக்குது. கோடு போட்டாச்சு. ரோட்டு வழியா சுத்திப் போயிடுங்க.”

தீச்சட்டியைப் பிடித்திருந்த அப்பா தலையை ஆட்டினார். “சரிங்கண்ணா.”

பாடை திரும்பியது.

“திருப்பாதீங்க மாமா,” என்றாள் ஷாலினி. முன்னால் தூக்கியிருந்த தாய்மாமன் புருஷோத்தமன் நின்றார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

“எங்கம்மா இந்த வழியாத்தான் போவும்.”

“உசுரோட இருக்கசொல்லவே உள்ள விடல. இப்ப மட்டும் இன்னா?” என்று பந்தலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாருப்பா அது? வெளிய வந்து பேசு,” என்றாள் ஷாலினி.

யாரும் வரவில்லை. தட்சணாமூர்த்தி கையமர்த்தினார். “நான் அந்தப் பேச்சையே எடுக்கலம்மா. நீயே இழுக்கிற. சரி, ஒண்ணு பண்ணு. அந்த டப்பாவ எடுத்தாரச் சொல்லு. எல்லார் முன்னாடியும் திற. செயின் இல்லன்னா, நானே முன்ன நின்னு வழி விடறேன். என் புள்ளையே தோள் குடுப்பான். போறவ நல்ல பேரோட போவட்டும்.”

அப்பா அவளிடம் வந்தார். தீச்சட்டிப் புகையில் அவர் கண் கலங்கியிருந்தது, அல்லது அப்படித்தான் தெரிந்தது. “காட்டிடலாம்மா. அவ பேரு கெட்டுக் கெடக்குது. இத்தோட போயிடட்டும்.”

ஷாலினி பாடையைப் பார்த்தாள். மாலைகளுக்குள் அம்மாவின் முகம் மஞ்சளாக, யாரோபோல இருந்தது. டப்பாவில் செயின் இல்லாமல் இருக்கலாம். இருக்கவும் செய்யலாம். இல்லாமலே இருந்தாலும், சோதனை போட்டு அனுப்பப்பட்டவளாகத்தான் அம்மா இந்தக் கோட்டைத் தாண்டுவாள்.

“தொறக்க மாட்டேன்.”

“அப்போ உள்ள இருக்குதுன்னுதானே அர்த்தம்?” என்றார் தட்சணாமூர்த்தி.

“இருக்குதா இல்லையான்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சுக்கவும் போறதில்ல.” அவள் பாடையை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். “இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்கங்க. நேத்து காலையில எங்கம்மா இங்கதான் வந்துச்சு. நகத்துல உங்க மண்ணு இருந்துது. நான்தான் பயந்துகிட்டுக் கழுவி விட்டேன். கழுவியிருக்கக்கூடாது.”

மேளக்காரர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. ஸ்பீக்கர் மட்டும் ‘ம்ம்ம்’ என்று இரைந்துகொண்டிருந்தது.

“பெரியப்பா,” என்றாள் ஷாலினி. சின்ன வயதில் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். “உங்க அப்பாவ எங்க எறக்குனாங்க?”

தட்சணாமூர்த்தியின் கண் ஒருமுறை ஆடுகளத்தின் நடுக்கோட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஷாலினி கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். உயரம் பற்றவில்லை. குதிகாலைத் தூக்கி எம்பி நின்றாள்.

“குனிஞ்சு வாங்கடா,” என்றார் புருஷோத்தமன்.

பாடை கயிற்றுக்கு அடியில் நுழைந்தது. ஒரு ரோஜா மாலை கயிற்றில் உரசி இதழ்கள் கொட்டின. தட்சணாமூர்த்தி ஒதுங்கினாரா, அவரைத் தாண்டிப் போனார்களா என்று அப்புறம் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அப்பா கடைசியில் கோட்டருகே ஒரு கணம் தயங்கினார். பிறகு மிதித்தார்.

நடுக்கோட்டில் இறக்கினார்கள். தலைமாட்டைத் திருப்பினார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த வெளியூர் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஷாலினி அழவில்லை. பாடையிலிருந்து நழுவிய அம்மாவின் கையை எடுத்து உள்ளே வைத்து, புடவைத் தலைப்பால் மூடினாள். பொரி இறைத்தவன் கை நிறைய அள்ளி இறைத்தான். மேளம் மறுபடி முழங்கியது.

அந்தப் பக்கக் கயிற்றை யாரோ முன்னமே அவிழ்த்து விட்டிருந்தார்கள். யாரென்று பார்க்க அவள் திரும்பவில்லை.

உப்பளக் கரைமேல் ஏறும்போதுதான் திரும்பிப் பார்த்தாள். சுண்ணாம்புக் கோடுகள் இரண்டு இடத்தில் கலைந்து கிடந்தன. சிவப்பு மண் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொரி. காக்காய்கள் இறங்கி, தத்தித் தத்திக் கொத்திக்கொண்டிருந்தன. மைக்செட்காரன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காக்காய்களை யாரும் விரட்டவில்லை.