முள் நின்ற இடம்

எனக்கு ஆஸ்துமா வந்து இருபது வருடம். தூசி ஆகாது, பூனை ஆகாது, ஈரச்சுவர் ஆகவே ஆகாது. அதனால் தினமும் காலை ஏழு மணிக்கு ஊதுகுழாயில் ஊதிப் பார்ப்பேன். ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய் அது. ஊதுகிற வேகத்துக்கு ஒரு சிவப்பு முள் மேலே ஏறி, அங்கேயே நிற்கும். விரலால் தள்ளினால்தான் இறங்கும். நானூறு வந்தால் எனக்கு நல்ல நாள். நூற்றைம்பது என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஊதி முடித்ததும் முள்ளை அடியில் இறக்கி வைத்துவிட வேண்டும். அந்த விஷயத்தில் நான் கறார்.

வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிற வேலை. இரண்டு மூட்டையை ஒரே தோளில் தூக்குகிற மனிதர், விடியும் முன்பே கிளம்பிவிடுவார். என் குழாய்க்குப் புல்லாங்குழல் என்று பெயர் வைத்திருந்தார்.

இந்த வாடகை வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம், திங்கட்கிழமை காலை, நான் ஊதும் முன்பே முள் முந்நூற்று இருபதில் நின்றது. நேற்று இறக்கி வைத்தேனே! சரி, மறந்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை இருநூற்று எழுபது. வாய் வைக்கும் இடம் ஈரமாக இருந்தது. சட்டென்று குழாயைக் கீழே வைத்துவிட்டேன்.

மாடிப்படியில் வீட்டுச் சொந்தக்கார அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"உங்களுக்கு முன்னாடி இருந்தவருக்கும் இழுப்புதாம்மா. பாவம், அந்த உள்ரூம்லயேதான் போய்ட்டார். வாடகைக்கு வர்றவங்ககிட்ட இதையெல்லாம் சொல்ல முடியுமா?"

இப்போது மட்டும் எதற்குச் சொன்னாளாம், மகராசி!

குழாயைக் கொதிநீரில் கழுவினேன். பீரோவுக்குள் வைத்தேன். புதன்கிழமை இருநூற்றுப் பத்து. அன்று மாலை என் வீட்டுக்காரர் சாப்பாட்டை அளைந்தபடியே கேட்டார்.

"என்ன சொல்லுது உன் புல்லாங்குழல்?"

சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார். வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்.

"ஒண்ணுமில்லையே. நல்லாத்தான் இருக்கு."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

வியாழக்கிழமை நூற்று முப்பது. செத்தவருக்கு எதற்கு மூச்சுக் குறைய வேண்டும்? ஒவ்வொரு நாளாக மறுபடியும் சாகிறாரா? அன்று பகல் முழுக்க பீரோ இருந்த அந்த உள்ளறைப் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை பீரோவைத் திறந்தேன். முள் அடியில், நான் இறக்கி வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பாடா, விட்டது சனியன்! சந்தோஷத்தில் பாட்டுக்கூட வந்தது. பாலை அடுப்பில் வைத்தேன். அப்போதுதான் குழாயின் வாயைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

ஈரமாக இருந்தது.

முள்ளை அசைக்கக்கூட மூச்சில்லாத நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. மணி ஏழேகால்.

குளியலறையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்காலில். தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. இழுப்புச் சத்தம்கூட இல்லை. உதடு நீலம். என் இன்ஹேலரை அவர் வாயில் வைத்து அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் அவருக்குப் பேச்சு வந்தது. மாவுத் தூசி ஆகவில்லையாம். சொன்னால் வேலை போய்விடும் என்று வாயே திறக்கவில்லையாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊதினா முள்ளை இறக்கி வைக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"தெரியும். வேணும்னுதான் இறக்காம வச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ பாத்துட்டுக் கேப்பேன்னு நெனச்சேன்."

நான்கு நாள் பார்த்தேன். ஒரு நாள்கூட அவரைக் கேட்கவில்லை.