வெந்தும் வேகாத ஸ்டேக்

எட்டு மாசமா ஒருத்தி என் வீட்டுல குடியிருக்கா. பேர் தெரியாது, மூஞ்சி தெரியாது. ரத்தம் சொட்டச் சொட்ட மாட்டுக்கறி தின்பான்னு மட்டும் தெரியும்.

பிப்ரவரியில என் புருஷன் டெல்பர்ட்டோட வண்டி பனியில சறுக்கிப் பள்ளத்துல கவுந்துச்சு, அங்கேயே செத்தான். மறுநாள் ஷெரீஃப் ஆபீஸ்ல வண்டிச் சாமானைக் கொடுத்தாங்க. அதுல நாங்க வழக்கமாப் போற ஸ்டேக் ஹவுஸோட பெட்டி ஒண்ணு. உள்ளே ஒரே ஒரு ஸ்டேக், தடியான மாட்டுக்கறித் துண்டு. வெட்டிப் பார்த்தா நடுவுல வேகாத ரத்தச் சிவப்பு.

அவன் கறியைக் கருக்கித்தான் தின்பான். எனக்கு நடுவுல இளஞ்சிவப்பா இருக்கணும். அப்போ இது எவளுக்கு? அன்னிக்குக் காலையிலதான் எங்களுக்குள்ள பெரிய சண்டை. கதவை அறைஞ்சிட்டுப் போனான். போய்த் தொலைன்னு நானும் கத்தினேன்.

அந்தக் கறியை நாய்க்கு வீசினேன். அடக்கத்துல ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஊரு பேசுச்சு, பேசட்டும்.

இன்னிக்கு எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாள். அதே ஸ்டேக் ஹவுஸுல வெள்ளை மேஜைவிரிப்பு, மெழுகுவத்தி, வெண்ணெய் உருகுற சுட்ட உருளைக்கிழங்கு. நெப்ராஸ்காவுல சோளம் போடுற எங்களை மாதிரி ஆளுங்க கை கடிக்காம ராஜா மாதிரி உட்கார்ற இடம் அது ஒண்ணுதான். தனியாப் போனேன். விருந்துக்கு இல்ல, அவ யாருன்னு கேக்க.

காலியாக் கெடந்த எதிர் நாற்காலியில என் கண்ணுக்கு அவ உட்கார்ந்திருந்தா. சத்தியமா சொல்றேன், அவ உதட்டோரம் ரத்தம்கூடத் தெரிஞ்சுது.

பரிமாறுற மார்லிஸுக்கு எங்களை இருபது வருஷமாத் தெரியும். தட்டை வெச்சுட்டு எப்பவும்போல நின்னா. “நடுவுல வெட்டிப் பாரு கண்ணு. பதம் சரியா?”

“அது கெடக்கட்டும். செத்த அன்னிக்கு டெல்பர்ட் ரத்தக்கறி வாங்கிட்டுப் போனானே, எவளுக்கு?”

மார்லிஸ் முழிச்சா. “எவளுக்கா? உனக்குத்தான்டி! ‘காலையில வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், இது இல்லாமப் போனா லோர்னா என்னையே வறுத்துருவா’ன்னு சிரிச்சானே!”

“பொய் சொல்லாத. அவ்வளவு ரத்தம் எனக்கு ஆகாது.”

“வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னா ஒரு பதம் முன்னாடியே எடுத்துருவோம்டி. மூடின பெட்டிக்குள்ள அந்தச் சூட்டுலயே மிச்சம் வெந்துரும். வீட்டுக்கு நாப்பது நிமிஷம், அதுக்குத் தக்கன எடுன்னு அவன்தான் சொன்னான்.”

நாப்பது நிமிஷம். கடையைத் தாண்டி ரெண்டாவது மைல்லயே பனிக்குள்ள கவுந்தான். வேக வேண்டிய கறி அப்படியே உறைஞ்சு போச்சு.

ஐயோ, எட்டு மாசமா வாய் கூசாம நான் திட்டின சிறுக்கி நான்தான்.

தட்டைத் தள்ளினேன். “இன்னொண்ணு போடு மார்லிஸ். பெட்டியில வெச்சு. அவன் கேட்ட மாதிரியே.”

பெட்டியைப் பக்கத்து சீட்டுல வெச்சு மெதுவா ஓட்டினேன். அவன் விழுந்த வளைவுல ஒரு கையால பெட்டியைப் பிடிச்சுக்கிட்டேன், நிறுத்தல. வீட்டுல அவன் நாற்காலிக்கு எதிர்ல உட்கார்ந்து கறியை வெட்டினேன். நடுவுல இளஞ்சிவப்பு. இன்னும் சூடு ஆறல.

“வந்துட்டியாடா”ன்னு கேட்டேன். கேட்டப்புறம்தான் அழுகை வந்துச்சு.