கரடி நிச்சயம்

ஹார்லனின் வேனில் ஏறியவர்கள் கரடியைப் பார்க்காமல் இறங்கியதில்லை. தேசியப் பூங்காவின் வாசலில் இருக்கிறது எங்கள் ஊர். கோடை முழுக்க மலையைச் சுற்றி வரும் ஒருவழிச் சாலையில் வெளியூர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரும். அத்தனை பேரும் தேடுவது கரடியைத்தான். மற்ற வேன்காரர்கள் அதிர்ஷ்டம் இருந்தால் காட்டுவார்கள். ஹார்லன் மட்டும் பலகையிலேயே எழுதிப் போட்டிருந்தான்: ‘கரடி நிச்சயம்.’

அவனுடைய அக்கா நோரீன் அதே பூங்காவில் ரேஞ்சர். ஒருத்தன் கரடியைக் கண்டு பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் எல்லாம் போடுவான். விசில் ஊதி அந்த நெரிசலைக் கலைப்பது அவள் வேலை. அவளுக்குப் பிடித்தது சாலை அல்ல, மலை முகட்டிலிருந்து இறங்கும் காட்டுப்பாதை. அங்கே திரிந்த காது கிழிந்த பெண் கரடியை, அது தாயின் பின்னால் ஓடிய குட்டிப் பருவத்திலிருந்தே அவளுக்குத் தெரியும்.

இலைகள் பழுத்துச் சிவந்திருந்த அக்டோபரில் ஒரு காலை, காற்றில் சாய்ந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாதையில் இறங்கி வந்தாள். சாலையைத் தொடும் இடத்தில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டையருகே வாளியோடு நின்றிருந்தான் ஹார்லன்.

“என்னடா பண்ற இங்க?”

“உனக்கு இன்னைக்கு அந்தப் பக்கம்ல டூட்டி?”

“வாளில என்ன?”

“சோளம்க்கா. கொஞ்சம் பாகு ஊத்தியிருக்கேன்.” அசட்டுத்தனமாகச் சிரித்தான். “யாருக்கு என்ன கெடுதல்? அதுவும் சாப்பிடுது, நானும் சாப்பிடுறேன்.”

“மனுஷன் கையால தின்னு பழகின கரடிய என்ன பண்ணுவாங்கன்னு தெரியாதா உனக்கு?”

“நீ சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்.” சிரிப்பு போய்விட்டது. “பெத் மாசமா இருக்கா. லைசென்ஸ் போச்சுன்னா நாங்க நடுத்தெருவுலதான் நிக்கணும். அக்கா, என் மூஞ்சியப் பாரு.”

நோரீன் வாளியை எட்டி உதைத்தாள். சோளம் இலைகளுக்குள் சிதறியது.

“இன்னையோட நிறுத்துற.”

“சத்தியமா.”

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதன் பிறகு அவன் ஒரு பிடி சோளம்கூடப் போடவில்லை. நடந்ததில் என்னால் ஜீரணிக்க முடியாதது அதுதான்.

காது கிழிந்த கரடி தினமும் அந்தக் கட்டைக்கு வந்தது. பனிக்காலத்துக்கு முன் உடம்பில் கொழுப்பேற்ற வேண்டிய நாட்கள். கட்டையில் ஒன்றும் இல்லை. ஆனால் தீனி மனுஷ வாடையோடுதான் வரும் என்பது அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒஹையோவிலிருந்து வந்த ஐரிஸ் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ், முதுகுப்பையில் ரொட்டியும் ஆப்பிளும் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் தனியாக ஏறினாள். கரடி பைக்காகத்தான் பாய்ந்தது. அவள் பையை விடவில்லை. வலது தோளும் கையும் கிழிந்தவளை, அலறல் கேட்டு ஓடி வந்தவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கூண்டு வைத்த அன்றே கரடி தானாக நடந்து போய் உள்ளே உட்கார்ந்துகொண்டது. அதைக் கொல்லும் ஊசியைப் போட்டபோது நோரீன் பக்கத்தில்தான் நின்றாள்.

“இப்படி வந்து உக்காருதுன்னா, எவனோ ரொம்ப நாளா தீனி போட்டிருக்கான்” என்றார் அவளுடைய மேலதிகாரி ராலண்ட்.

“என் தம்பிதான் சார்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “உனக்கு எப்பத் தெரியும்?”

“அந்த அம்மாவ அடிக்கிறதுக்கு முன்னாடியே.”

ஹார்லனுக்கு அபராதம் போட்டு, சுற்றுலா வேன் நடத்தும் லைசென்ஸையும் பறித்தார்கள். அடுத்த வசந்தத்தில் அதே வேன் அவன் மனைவி பெத் பெயரில் ஓடியது, ஓட்டியது அவன்தான். நோரீனுக்கு வேலை போயிற்று. அம்மா போனில் ஒரே ஒரு தடவை பேசினாள்: “ஒரு கரடிக்காகக் கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்துட்டியேடி.”

அதற்கு முன்பே நோரீன் ஆஸ்பத்திரிக்குப் போய் ஐரிஸிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஐரிஸ் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எனக்காக வந்தியா, உனக்காக வந்தியா?”

நோரீன் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“பரவாயில்லன்னு ஒரு வார்த்தை வாங்கிட்டுப் போக வந்திருக்க. நான் சொல்ல மாட்டேன்மா. போயிட்டு வா.”

இப்போது நோரீன் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். ஜூன் மாதத்தில் ஒருநாள் ஹார்லன் காப்பி வாங்க உள்ளே வந்தான். வெளியே வேன் நிறையக் கூட்டம்.

“குழந்தையப் பாக்க வரவே இல்லியேக்கா.”

“கூப்பிட்டியா?”

“அம்மா வீட்ல இருக்கறப்ப எப்படிக் கூப்பிடுறது?” காப்பிக்கு மூடி போட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “நீ நிறுத்துன்னு சொன்ன. நான் நிறுத்தினேன். அப்புறமும் ஏன் சொன்ன?”

“அந்தம்மாவால இன்னும் கையத் தூக்க முடியலடா.”

“அதுக்கு நான் மட்டுமா காரணம்?”

“இல்ல. நானும்தான். அதையும்தான் சொன்னேன்.”

“சொல்லி என்ன கிடைச்சுது? கரடி வந்துச்சா, கை வந்துச்சா?”

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். அவன் காப்பியை எடுத்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளிப் போனான்.

பூங்காவுக்குள் நடக்க நோரீனுக்குத் தடை ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் நடக்கலாம். விடுமுறை நாட்களில் அவள் வீட்டிலேயே இருக்கிறாள்.